பார்க்க மட்டும் தெரிந்த மென்பொருள்

திருப்பூர், முதலிபாளையம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வசிக்கும் நல்லான் மகன் அருள்குமார், வயது 38, இன்று காவல் நிலையத்தில் தாமாக ஆஜராகி, விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். வேதியியலில் பட்டம் பெற்று, முதலில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். அதன் பிறகு முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஆத்தப்பன் என்பவர் நடத்திவரும் வெண்கொடி ஜவுளிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, தற்போது அதன் மேலாளராக இருக்கிறேன். ஏற்றுமதிக்குப் போகும் பனியன் துணி சாயம் போகிறதா, சுருங்குகிறதா, வெயிலில் வெளுக்கிறதா, பட்டனிலும் ஜிப்பிலும் ஈயம் போன்ற கூடாத உலோகம் கலந்திருக்கிறதா என்றெல்லாம் மெஷின்களில் வைத்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் வேலை. அந்த ரிப்போர்ட் இல்லாமல் வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் கன்டெய்னரில் ஏற்றச் சம்மதிப்பதில்லை.

இவ்வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டுள்ள தேவிப்பிரியா திருமுருகன்பூண்டியைச் சேர்ந்தவர். எனக்கு உறவினர் அல்ல. எங்கள் லேப்புக்கு மென்பொருள் செய்துகொடுத்த வகையில்தான் அவரை எனக்குத் தெரியும். அவர் அதைச் செய்த விதத்தை ஆரம்பத்திலிருந்து உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மின்வெட்டு அதிகமாக இருந்தபோது எங்களுக்குப் பெரிய தொந்தரவு ஏற்பட்டது. துணியை விளக்கு வெளிச்சத்தில் நாள்கணக்கில் வைத்து அது வெளுப்பதைப் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது இராப்பகலாக ஓட வேண்டும். விடுமுறை நாளில் யாரும் இல்லாதபோது மின்சாரம் போய் அது நின்றுவிட்டால், நாங்கள் வந்து பார்க்கும்வரை தெரியாது. சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி இரண்டு கம்பெனிகளின் சரக்கு கப்பலைத் தவறவிட்டது. அதன் பிறகு முதலாளி ஆத்தப்பன், வீட்டில் இருந்தபடியே மெஷின்களைக் கவனிக்கும்படி ஒரு மென்பொருள் வேண்டும் என்று பலரிடம் விசாரித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்த தேவிப்பிரியாவை வரவழைத்தார்.

அவர் வந்தவுடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் போட்டு உட்கார்ந்து, நாங்கள் வேலை செய்வதையே பல வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு சோதனையையும் தன் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். துணி துவைக்கும் பிரிவில் இருக்கும் மாரக்காள் என்பவர் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் புள்ள நம்ம வேலைக்கே வந்துருச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். தேவிப்பிரியா எங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "அண்ணா, எந்தச் சத்தம் கேட்டா நீங்க கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடுவீங்க? எந்தச் சத்தம் நின்னா ஓடுவீங்க?" என்பது அந்தக் கேள்வி. அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கம்ப்ரசர் சத்தம் கனத்துப்போனால் ஓடுவேன் என்று நான் சொன்னேன். ட்ரம்மில் தண்ணீர் விழும் சத்தம் நின்றால் ஓடுவேன் என்று மாரக்காள் சொன்னார். வேதியியல் பிரிவில் இருந்த தமிழ்செல்வன், புகைபோக்கி ஃபேன் சத்தம் நின்றால் ஓடுவேன் என்று சொன்னார்.

அதன் பிறகு அவர் மென்பொருளைச் செய்தார். திரையைத் திறந்தால் எங்கள் லேப்பின் தரையே மேலிருந்து பார்ப்பதுபோல் தெரியும். எந்த மெஷின் எந்த மூலையில் இருக்கிறதோ திரையிலும் அந்த மூலையில் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் எந்த இடத்தில் கோளாறு என்று விளங்கும். முதலில் அவர் செய்ததில், சிறிய மாற்றம் நேர்ந்தால்கூட எங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஓயாமல் வந்ததால் நாங்கள் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டோம். அதைத் தெரிந்துகொண்ட அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. "தப்பு என்னுதுதானுங்கண்ணா. எல்லாத்துக்கும் கத்துனா எதுக்குக் கத்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பகுதி முழுவதையும் அழித்துப் புதிதாக எழுதினார். புதியதில், நாங்கள் ஓடுவோம் என்று சொன்ன விஷயங்களுக்கு மட்டுமே செய்தி வந்தது. இப்போது அந்தச் செய்தி வந்தால் சாப்பாட்டிலிருந்தும் எழுந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேனுக்கு மின்சாரம் போகிறதா என்று பார்ப்பது சுலபம், அதை மட்டும் வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். அவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "கரண்டு வர்றது வேற, காத்துப் போறது வேறதானுங்கண்ணா. பெல்ட் அறுந்து போச்சுன்னா மோட்டார் சும்மா சுத்தும்" என்று சொல்லி, புகைபோக்கிக் குழாய்க்குள் மெல்லிய தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, காற்று ஓடும்வரை அது தூக்கி நிற்கும்படியும், காற்று நின்றால் விழுந்து ஒரு சுவிட்சைத் தொடும்படியும் செய்தார். அந்தத் தகட்டை அவர் தன் ஊரான பூண்டியில் ஒரு பட்டறையில் தானே நின்று வெட்டி வாங்கிவந்தார்.

வேலை முடிந்து முதலாளிக்குக் காட்டிய அன்று நடந்த பேச்சு இவ்வழக்குக்கு முக்கியமானது. அப்போது நானும் தமிழ்செல்வனும் மாரக்காளும் கூட இருந்தோம். முதலாளி திரையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, "ஏனம்மிணி, இங்கிருந்து பாக்க முடியுதுன்னா இங்கிருந்தே போடவும் நிறுத்தவும் முடியுமல்லோ? நான் வெளியூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தாலும் பட்டனைத் தட்டுனா மெஷின் ஓடோணும், வால்வு தொறக்கோணும். அதையும் வெச்சுக் குடுத்துரு" என்றார்.

"முடியுமுங்க சார். ஆனா வெக்க மாட்டனுங்க" என்று தேவிப்பிரியா சொன்னார்.

"ஏன்?"

"மெஷினுக்குள்ள கையை விட்டுட்டு ஒருத்தரு நின்னுட்டு இருப்பாருங்க. அது என்ற ஸ்கிரீன்ல தெரியாதுங்க. தெரியாத எடத்துல நான் பட்டனை அமுத்தக் கூடாதுங்க."

முதலாளிக்குக் கோபம் வந்தது. வேறு கம்பெனிகள் அதைச் செய்து தரத் தயாராக இருக்கின்றன என்றார். தேவிப்பிரியா மரியாதையாகவே, அப்படியானால் அவர்களிடமே செய்துகொள்ளும்படியும், தான் செய்தவரை விட்டுவிட்டுப் போவதாகவும் சொல்லி எழுந்துவிட்டார். அப்போது மாரக்காள், "அந்தப் புள்ள சொல்றதுதானுங்க சரி. நான் ட்ரம்முக்குள்ள தலையை உட்டுத் துணி எடுத்துட்டு இருக்கறப்ப, நீங்க கல்யாணப் பந்தியில இருந்து சுத்தி உட்டீங்கன்னா என்ற கதி என்னங்க ஆகறது?" என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார். அதன் பிறகு, பார்ப்பதற்கு மட்டுமே மென்பொருள், எதையும் இயக்குவதற்கு அல்ல என்று முடிவானது. பின்னர் அதே மென்பொருளை வேறு சில லேப்களும் வாங்கின. அவர்களுக்கும் அவர் அப்படியேதான் செய்துகொடுத்தார் என்று அங்குள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி சம்பவம் குறித்துச் சொல்கிறேன். பட்டனில் உலோகம் பார்க்கும் மெஷினில் சுடரைப் பற்றவைக்க ஆர்கான் என்ற வாயு தேவை. அதன் சிலிண்டர்கள் கட்டிடத்தின் பின்புறம் வெளியே கம்பிக் கூண்டுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து சுவர் வழியாகக் குழாய் மெஷின் அறைக்குள் வருகிறது. ஆர்கான் விஷம் அல்ல. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் மூடிய அறையில் அது நிறைந்தால் நாம் சுவாசிக்கும் காற்றைத் தள்ளிவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். ஃபேன் ஓடும்வரை பயமில்லை.

இந்த ஆண்டு தீபாவளிக்கு லேப்புக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. வெளிச்ச மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் உடுப்பு அனுப்பும் கம்பெனி ஒன்றிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு, பட்டன் ரிப்போர்ட் உடனே வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி தமிழ்செல்வனைக் கூப்பிட்டிருக்கிறார். தமிழ்செல்வனுக்கு ஆவணியில்தான் திருமணம் ஆனது. அவர் தலைதீபாவளிக்காக ஊத்துக்குளியில் மாமனார் வீட்டில் இருந்தார். சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்து, கட்டிய புது வேட்டியோடு பைக்கில் புறப்பட்டு வந்திருக்கிறார். லேப்பின் காவலாளி சுடலை கேட்டைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். தமிழ்செல்வன் வழக்கப்படி பின்புறம் சென்று சிலிண்டர் வால்வைத் திறந்துவிட்டு உள்ளே போய், ஏசிக்காகக் கதவுகளைச் சாத்தியிருக்கிறார். அதன் பிறகு மின்சாரம் போய்விட்டது. மெஷினும் கம்ப்யூட்டரும் பேட்டரியில் ஓடும். ஏசியும் ஃபேனும் ஓடாது. மின்சாரம் சீக்கிரம் வந்துவிடும் என்று அவர் உள்ளேயே காத்திருந்திருக்கிறார். இவை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

நான் வீட்டில் குடும்பத்துடன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது தேவிப்பிரியா என் செல்போனில் கூப்பிட்டார்.

"அருளண்ணா, லேப்ல யாருங்க இருக்காங்க?"

"லீவுதானே அம்மிணி. ஒருத்தரும் இல்லையே."

"இருக்காங்கண்ணா. ஆர்கான் லைன்ல பிரஷர் ஏறிச்சு, யாரோ வால்வைத் தொறந்திருக்காங்க. இப்பக் கரண்டு இல்லை, காத்துத் தகடு விழுந்து கெடக்குது. மெஷினை இன்னும் பத்தவெக்கவே இல்லை, ஆனா கேஸ் எறங்கிட்டே இருக்குது. ரூமுக்குள்ளதான் ஒழுகுது. லேப் போன் அடிச்சுட்டே இருக்குது, எடுக்க மாட்டீங்கறாங்க. நீங்க கெளம்புங்க. இந்தப் போனைக் கட் பண்ணாதீங்க. நான் ஊட்டுப் போன்ல சுடலையண்ணனையும் நூத்தியெட்டையும் கூப்பிடறன்."

அவருடைய மென்பொருள் அனுப்பிய குறுஞ்செய்தி அன்று மாலைதான் என் போனுக்கு வந்து சேர்ந்தது. பண்டிகை வாழ்த்துச் செய்திகளின் நெரிசலால் அப்படி ஆகும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு நாளும் வெளியே எங்கும் போகாமல், உறவினர்கள் வந்துபோகும் வீட்டில் ஒரு மூலையில் கணினியைத் திறந்து வைத்துத் தானே கவனித்துக்கொண்டிருந்தார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. பிறகு அவருடைய தாயார் வேலாத்தாள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் கை கழுவாமலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். குடியிருப்பிலிருந்து லேப் பக்கம்தான். நான் போனபோது சுடலை சிலிண்டர் கூண்டுக்குள் நின்று, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "எந்தப் பக்கம்மா திருக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "கடிகார முள்ளு சுத்தற பக்கமுங்கண்ணா. நல்லா இறுக்கிட்டு, அடுத்த சிலிண்டரையும் மூடிருங்க" என்ற தேவிப்பிரியாவின் குரல் எனக்கும் கேட்டது. சுடலை இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் வராந்தாவுக்கு ஓடி, மெஷின் அறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். கீழ் அலமாரி திறந்திருந்தது. அதன் முன்னால் தமிழ்செல்வன் குப்புறக் கிடந்தார். எதையோ எடுக்கக் குனிந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். புதுச் சட்டையின் காலர் ஓரத்தில் வைத்த மஞ்சள் அப்படியே இருந்தது.

நான் கதவைத் தள்ளித் திறந்தேன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. அதிலிருந்து தேவிப்பிரியா கத்தினார்.

"கதவு சத்தம் கேக்குது. அண்ணா, உள்ள போகாதீங்க! ரெண்டு மூச்சு இழுத்தீங்கன்னா நீங்களும் அவரு மேலயே விழுந்துருவீங்க. வாசம் வராது, இருமல் வராது, விழறதே உங்களுக்குத் தெரியாது. வெளிய வாங்க!"

நான் காலை எடுத்தேன். சுடலை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சீக்கிரம் கண் கலங்குகிறவர். அவர் என் பையைப் பார்த்து, "எம்மா, கண்ணு முன்னால புள்ள கெடக்கான். பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதீயளா? நான் போயித் தூக்கிட்டு வந்திருதேன்" என்றார்.

"நிக்கச் சொல்லலீங்கண்ணா. கதவைப் பொளந்து வெச்சுட்டுப் பின்னால ஓடுங்க. அந்தப் பக்கக் கதவையும் தொறங்க. ஜன்னல்ல கீழ்க் கண்ணாடியை ஒடைங்க. மேல ஒடைச்சா ஆகாது, கீழதான் கேஸ் நிக்குது."

நாங்கள் சொன்னபடி செய்தோம். சுடலை தீயணைப்பு சிலிண்டரைக் கொக்கியிலிருந்து கழற்றி அதாலேயே கண்ணாடிகளை உடைத்தார். இப்போது என் மீதும் சுடலை மீதும், கட்டிடத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புகாரில் ஒரு வரி இருப்பதாகத் தெரிகிறது. உடைத்தது உண்மை. ஒரு பக்கம் உடைத்து முடித்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஆனாலும் தேவிப்பிரியா எங்களை உள்ளே போக விடவில்லை.

"அண்ணா, முன்னாடி ஷட்டர் எறக்கற கொக்கிக் கம்பி இருக்குமே, நீளக் கம்பி. அதை எடுத்தாங்க. வாசல்ல நின்னுட்டே மாட்டி இழுங்க."

அந்தக் கம்பியை நாங்கள் தினமும் காலையும் மாலையும் கையில் எடுக்கிறோம். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து, வாசலுக்கு வெளியே தரையில் படுத்துக்கொள்ளாமல், நின்றபடியே கையை நீட்டி மாட்டினேன். முதல் முறை வேட்டி மாட்டிக் கிழிந்தது. அடுத்த முறை வேட்டிக்கு மேல் கட்டியிருந்த அகலப் பெல்ட் மாட்டியது. சுடலை என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் இழுத்தேன். தமிழ்செல்வன் வாசலுக்கு வந்ததும் நாங்கள் இருவரும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். உதடு நீலமாக இருந்தது.

"மூச்சு இருக்குதுங்களா?" என்று தேவிப்பிரியா கேட்டார்.

"தெரியல அம்மிணி. நெஞ்சு அசையல" என்றேன்.

அதன் பிறகு தலையை எப்படிச் சாய்ப்பது, மூக்கை எப்படிப் பிடிப்பது, வாயில் எப்படி ஊதுவது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சுடலை செய்தார். நூற்றியெட்டு ஆம்புலன்சுக்குப் பேசியபோது அவர்கள் சொன்னதைத்தான் அவர் எங்களுக்கு அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். இரண்டு போன்களை இரண்டு காதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அவர் குரல் ஒருமுறைகூட உயரவோ நடுங்கவோ இல்லை, என்னை வெளியே வரச் சொன்ன அந்த ஒரு தடவையைத் தவிர. தமிழ்செல்வன் இழுத்து ஒரு மூச்சு விட்டார். சுடலை "முருகா" என்று சொல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. நான் கூடவே ஏறி அரசு மருத்துவமனைக்குச் சென்றேன்.

தேவிப்பிரியா பூண்டியிலிருந்து மொபெட்டில் மருத்துவமனைக்கு வந்தார். நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, தமிழ்செல்வனின் வீட்டுக்குத் தகவல் போய்விட்டதா என்று கேட்டார். தமிழ்செல்வனின் மனைவி கீதாஞ்சலி வந்ததும் அவரைத் தனியாக அழைத்துப்போய், நடந்தது முழுவதையும் எதையும் மறைக்காமல் சொன்னார். மாலையில் தமிழ்செல்வன் கண் விழித்தார். மனைவியைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு வந்தர்றன்னு சொல்லியிருந்தேன்" என்றார். அந்தப் பெண் அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதது.

அதன் பிறகு, எங்களுக்கு ஆர்கான் சிலிண்டர் கொண்டுவரும் ஏஜென்சியின் உரிமையாளர் மருத்துவமனைக்கு வந்தார். பண்டிகைக்கு முன் அவருடைய ஆள்தான் எங்கள் குழாயில் ஒரு இணைப்பை மாற்றிப் போட்டிருந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் மிகவும் பயந்து காணப்பட்டார். "அங்க எல்லாமே கம்ப்யூட்டர்தானுங்க ஓட்டுது. அந்தப் பொண்ணு ஊட்டுல உக்காந்துட்டு எதையோ அமுக்கி வால்வைத் தொறந்து உட்டிருச்சு. இல்லாட்டி ஆளு இருக்கறது அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் அதையே புகாராகவும் கொடுத்தார். அதன்பேரில் தேவிப்பிரியாவின் கணினி கைப்பற்றப்பட்டு, அவர் விசாரணைக்காகத் தினமும் நிலையத்துக்கு வந்துபோகிறார். அவரிடம் மென்பொருள் வாங்கிய லேப் ஒன்று அதை எடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். மென்பொருள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால், எங்கள் லேப்பில் வெளிச்ச மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது நாங்கள் முறைவைத்துப் பாய் விரித்துப் படுக்கிறோம்.

நேற்று உதவி ஆய்வாளர் அவர்கள் லேப்புக்கு வந்து விசாரித்தபோது நானும் முதலாளியும் உடனிருந்தோம். ஆர்கான் குழாயில் இருக்கும் அளவுமானியிலிருந்து புறப்படும் ஒயரை உதவி ஆய்வாளர் அவர்களே கையால் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து, அது கம்ப்யூட்டர் பெட்டியில் முடிவதைப் பார்த்தார். பெட்டியிலிருந்து வால்வுக்குத் திரும்பிப் போகும் ஒயர் எதுவும் இல்லை. வால்வு வெறும் கையால் திருகும் வால்வு. அதில் மோட்டாரும் இல்லை. அதன் பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, உடைந்த ஜன்னல்களும் திறந்தே இருக்க, வாயுவைச் சிறிது விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசினோம். மெஷினுக்குப் பின்னால் புதிதாகப் போட்டிருந்த இணைப்பில் நுரை கொப்பளித்தது. கழற்றிப் பார்த்ததில் உள்ளே இருந்த வாஷர் பாதி நசுங்கிப் பாதி விரிந்திருந்தது. அதை உதவி ஆய்வாளர் அவர்கள் கைப்பற்றினார்.

அப்போது முதலாளி ஆத்தப்பன் யாரும் கேட்காமலேயே, "தூரத்துல இருந்து வால்வு தொறக்கற மாதிரி வெக்கச் சொன்னது நான்தானுங்க. அந்தப் புள்ள மாட்டவே மாட்டேன்னுச்சு. அன்னைக்கு நான் கோவிச்சுட்டேன். நான் சொன்ன மாதிரி வெச்சிருந்தா இன்னைக்கு அது மேல சொல்ற குத்தம் உண்மையாவே இருந்திருக்கும்" என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்னார் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

தேவிப்பிரியா தான் செய்தது எல்லாமே சரி என்று சாதிக்கிறவர் அல்ல. தமிழ்செல்வன் இருந்த வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என்னிடம், "நான் சொன்னது பாதிதான் சரிங்கண்ணா. தொறக்கறது கூடாதுதான். ஆனா மூடறது அப்படி இல்லை. காத்துத் தகடு விழுந்தா அந்த எடத்துலயே வால்வு தானா மூடிக்கோணும். நான் ஊட்டுல முழிச்சிருப்பன்னு நம்பி ஒரு ஆளு உள்ள இருக்கக் கூடாது" என்றார். அதைச் சொல்லும்போதே மாத்திரை வாங்கிய கவரின் பின்புறத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார். ரூமுக்குள் காற்றின் அளவைப் பார்க்கும் கருவி ஒன்றும், கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கு ஒன்றும் வேண்டும் என்றார். எங்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரை ஊரே திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தன் வேலையில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பதினைந்து வருடங்களாக லேப் வேலையில் இருக்கிறேன். பலவகையான மெஷின்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் வந்துபோயிருக்கிறார்கள். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

தமிழ்செல்வன் இப்போது நன்றாகப் பேசுகிறார், எழுந்து நடக்கிறார். வரும் வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தேவிப்பிரியா வால்வைத் திறந்ததாகச் சொல்வது முழுப் பொய். அவரால் அது முடியாது. முடியும்படி செய்யச் சொன்னபோதும் அவர் மறுத்தவர். அன்று அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் தமிழ்செல்வன் பிழைத்திருக்க மாட்டார். உள்ளே போகாதே என்று தடுக்காமல் இருந்திருந்தால் நானும் சுடலையும் பிழைத்திருக்க மாட்டோம்.

நான் மேலே சொன்னவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும், பிறர் சொல்லித் தெரிந்ததை அப்படியே குறிப்பிட்டதும் ஆகும். எழுதிய காவலர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். வாசித்தபோது, தேவிப்பிரியாவின் பெயர் வரும் இடங்களில் எல்லாம் அவர் 'எதிரி' என்று எழுதியிருந்தார். வழக்கில் சேர்க்கப்பட்டவரை அப்படி எழுதுவதுதான் முறை என்று சொன்னார். முறை எனக்குத் தெரியாது, ஆனால் என் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை, நான் சொன்ன சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். உதவி ஆய்வாளர் அவர்கள் சற்று யோசித்துவிட்டு, பேனாவை வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லைத் தாமே அடித்துவிட்டு மேலே தேவிப்பிரியா என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். அதன் பிறகு மீண்டும் வாசிக்கக் கேட்டேன். சரியாக இருக்கிறது. கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ந. அருள்குமார்